பூட்டினால் கடை, கழற்றினால் சைக்கிள்

என்னுடைய வெல்டிங் கடையின் பின்புறத்தில், வேப்பமரத்துக்குக் கீழே, பச்சை நிறம் பூசிய மூன்று சில்லு வண்டியொன்று நிற்கிறது. இப்போது கோழிகள் அதில் அடைகின்றன. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், தெருத்தெருவாக மரக்கறி விற்கும் அக்கா ஒருவருக்காக நான் செய்த முதல் வண்டி அதுதான். செய்து கொடுத்து ஒன்பதாம் நாள் அவர் அதை உருட்டிக்கொண்டுவந்து கடை வாசலில் விட்டார். நான் செய்த வேலையில் எனக்குப் பெருமை மிகுதியாக இருந்த காலம் அது; ஆகையால் அவர் ஏன் திருப்பித் தருகிறார் என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்கு நேரம் எடுத்தது.

எரிபொருள் தட்டுப்பாடான அந்த மாதங்களை இங்கே வன்னியில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் நிலையங்களில் இரவு பகலாக வரிசை நின்றது. யூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் இருக்கும் எங்கள் பக்கத்தில், மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி வியாபாரம் செய்தவர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளுக்கு இறங்கினார்கள். ஏற்கெனவே சைக்கிளில் விற்றுக்கொண்டிருந்தவர்களின் நிலை வேறு. கரியரில் பிளாஸ்ரிக் கூடை, ஹாண்டிலின் இரு பக்கமும் பை, நடுவில் பூசணிச் சாக்கு என்று கட்டிய பின்னர் ஏறி மிதிக்க இடமிருக்காது. காலையிலிருந்து மதியம் வரை உருட்டிக்கொண்டே நடப்பார்கள். எங்கள் கடைக்கு அவர்கள் வருவதெல்லாம் முறிந்த கரியரை ஒட்டுவதற்குத்தான். ஒரே கரியரை மூன்றாவது தடவையாக ஒட்டிய அன்று, இந்த அக்காவிடம் "வண்டியொன்று செய்து தருகிறேன்" என்று நானாகவே சொன்னேன்.

பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. அவருடைய லேடீஸ் சைக்கிளின் முன்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு சில்லும் பெரிய தட்டும் முன்னால் வருமாறு அமைத்து, பின்பகுதியை அவருடைய சைக்கிளாகவே விட்டேன். படங்களில் பார்ப்பதற்கு அழகான வடிவம் அது. திருப்பிக் கொண்டுவந்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பிள்ளை ரியூசனுக்கு எதில போறது?" அந்த வீட்டில் இருந்த ஒரே வாகனத்தை நான் வெட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் வியாபாரம், பின்னேரம் மகளின் ரியூசன், இடையில் தண்ணீர்க் கான், ஆஸ்பத்திரிக் கிளினிக், சங்கக் கடை எல்லாவற்றுக்கும் அந்தச் சைக்கிள் ஒன்றுதான். பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தேடி வாங்கி, புதுச் செயின் போட்டுக் கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்த்தேன். அந்தச் செலவு என்னுடையது.

வண்டியில் வேறு குறைகளும் இருந்தன. ஏ35 வீதியின் தார் விளிம்புக்கும் பக்கத்துக் கிரவலுக்கும் இடையில் சில இடங்களில் ஒரு சாண் பள்ளம் இருக்கிறது. இரண்டு சில்லுச் சைக்கிள் அந்த விளிம்பில் இறங்கினால், ஓட்டுபவர் தன் உடலைச் சாய்த்துச் சமாளித்துக்கொள்வார். மூன்று சில்லு வண்டி சாயாது, ஆகவே சுமை முழுவதும் பக்கவாட்டாகச் சில்லின்மீது விழும். சைக்கிள் றிம் நேராக மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதற்கென்றே கம்பி பூட்டப்பட்டது. பக்கத்திலிருந்து வரும் பாரத்துக்கு அது பப்படம். ஐந்தாம் நாளே இடப்பக்க றிம் நெளிந்து, சுற்றும்போது 8 என்ற எண்ணைப் போலத் தெரிந்ததாம். மூன்று சில்லு வண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு மோட்டார் சைக்கிள் றிம்மும் தடித்த அச்சும் வேண்டும், அப்படிச் செய்தால் பாரமும் விலையும் இரட்டிப்பாகும். எங்கள் ஊரில் உதவித் திட்டமொன்றில் கிடைத்த அத்தகைய வண்டிகள் சில வீடுகளில் மரக்குற்றிகள் அடுக்கப்பட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வண்டியைத் தொடங்குவதற்கு முன்னர், கடையைப் பூட்டிவிட்டு ஒரு காலை முழுவதும் அக்காவுடன் நடந்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். சந்தியில் லொறியிலிருந்து மரக்கறி இறங்கியவுடன் அவருடைய சரக்கை நிறுத்துப் பார்த்தோம்: 58 கிலோ. அப்போதிருந்து மதியம் வரை 43 இடங்களில் நின்றார். ஒவ்வோரிடத்திலும் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, தராசை எடுத்து, நிறுத்துக் கொடுத்து, மீண்டும் ஸ்ராண்டைத் தட்டிவிட்டு உருட்டினார். அன்று நான் கண்டுகொண்ட செய்தி, சுமை ஏற்றும் வண்டியும் வியாபார வண்டியும் ஒன்றல்ல என்பதுதான். நெல் மூடை ஏற்றும் வண்டியில் சுமை ஏற்றிய இடத்திலேயே இருந்து, போய்ச் சேரும் இடத்தில் ஒரேயடியாக இறங்கும். வியாபார வண்டியிலோ சுமை ஒவ்வொரு படலையடியிலும் மாறுகிறது. முதலில் தக்காளியும் கீரையும் தீர்ந்துபோகும், பூசணியும் தேங்காயும் கடைசிவரை கிடக்கும். வண்டி நிற்கும் நேரம் ஓடும் நேரத்தை விடக் கூடுதலாகவும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தபோது, சைக்கிளுக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் இரண்டு சில்லுத் தட்டு வண்டிதான் பொருந்தும் என்று முடிவெடுத்தேன். மாட்டைக் கழற்றினால் வண்டி வேறு, மாடு வேறு என்று நிற்பதைப் போல, இதையும் ஒரு நிமிடத்தில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கழற்றிய பின் வண்டி தன்பாட்டில் மட்டமாக நின்று கடையாக இருக்க வேண்டும். எந்தப் பாகம் பழுதானாலும் ஊர்ச் சைக்கிள் கடையிலேயே திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் சில்லைத் தீர்மானித்தது. சிறுவர் சைக்கிளின் 20 அங்குலச் சில்லு மலிவு, கம்பிகள் கட்டையானவை என்பதால் பலமும் கூட. ஆனால் கிரவல் ஒழுங்கையில் மாரி மழை அரித்த குழிகளில் அது விழுந்து விழுந்து எழும்பியது, இழுப்பவருக்கு அந்த ஒவ்வொரு குழியும் முதுகில் தெரிந்தது. ஆகவே அக்காவின் சைக்கிளில் உள்ள அதே 26 அங்குலச் சில்லையே வண்டிக்கும் வைத்தேன். ரயர், ரியூப், கம்பி எல்லாம் ஒரே அளவு. மேலதிகமாக ஒரு ரியூப் பையில் இருந்தால் நான்கு சில்லில் எதற்கும் போடலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: முன் சில்லின் ஹப்பை, அதாவது அச்சு ஓடும் நடுப்பகுதியை, எடுக்கக்கூடாது. முன் அச்சு மெல்லியது. பின் ஹப்பை எடுத்து, செயின் ஓடும் பல்லுச் சக்கரமான பிறீவீலைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தினால் அச்சின் தடிப்பு கூடுதலாகக் கிடைக்கும். அந்த அச்சையும் ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து விடாமல், சைக்கிளில் இருப்பதைப் போலவே இரு பக்கமும் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த அச்சு 60 கிலோவுக்கு வளைந்துவிடும். வளைத்துப் பார்த்தவன் நான்.

ஹப்புகளைப் பழைய இரும்புக் கடையில் எடுத்தேன். வன்னியில் பழைய இரும்புக் கடையின் சைக்கிள் குவியலைக் கிளறுவது வெறும் சாமான் தேடும் வேலையாக எனக்கு இருப்பதில்லை. போர் முடிந்த 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலம் வரை சனங்கள் விட்டுவிட்டுப் போன சைக்கிள்கள் குவிந்து கிடந்ததைக் கண்டவர்கள் நாங்கள். மீளக்குடியேற வந்த காலத்தில் துருப்பிடித்த அந்தப் பிரேம்கள் லொறி லொறியாகப் போயின. அன்று நான் எடுத்த பின் சில்லொன்று பூட்டியிருந்த பிரேமில், உரியவருடைய பெயரின் முதலெழுத்துகள் வெள்ளைப் பெயின்றில் எழுதப்பட்டிருந்தன. ஹப்பை மட்டும் கழற்றிக்கொண்டு பிரேமை அங்கேயே வைத்துவிட்டேன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இதே சைக்கிள்களில்தான் விறகும் நெல்லும் நோயாளியும் போனார்கள். ஹாண்டிலில் ஒரு தடி, சீற்றுக்குப் பின்னால் ஒரு தடி கட்டி, நிமிர்ந்து நின்று தள்ளிக்கொண்டு போகும் முறையை அப்பா செய்து நான் பார்த்திருக்கிறேன். பாரத்தைப் பதிவாகக் கட்டு, உயரக் கட்டாதே என்பது அவருடைய ஓயாத பேச்சு. வண்டியின் தட்டைச் சில்லுகளுக்கு மேலே வைக்காமல் சில்லுகளுக்கு இடையில் பதித்தது அந்தப் பேச்சினால்தான்.

சட்டகத்துக்கு 1 அங்குலச் சதுரப் பொக்ஸ் பார் (உள்ளீடற்ற இரும்புக் குழாய்), 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. கடையில் 20 அடி என்று சொல்லித் தருவதை நான் அளந்தபோது 6 மீற்றர் இருந்தது, அதாவது ஏறக்குறைய 4 அங்குலம் குறைவு. 4 அடி நீளத் துண்டுகள் ஐந்து எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு வெட்டத் தொடங்கினால் ஐந்தாவது துண்டு கட்டையாகிவிடும். ஆகையால் வண்டியின் நீளத்தையே 3 அடி 10 அங்குலமாக மாற்றினேன். அகலம் 2 அடி 6 அங்குலம். நீளவாட்டில் நான்கு பார்கள்: வெளியே இரண்டு, உள்ளே இரண்டு. வெளிப் பாருக்கும் உள் பாருக்கும் நடுவில் சில்லு சுழலும். அச்சு, இரு பாரிலிருந்தும் கீழே இறக்கிய 5 மில்லிமீற்றர் பட்டை இரும்புத் தகட்டின் காடியில் அமரும். காடியின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் பாரம் ஏற ஏற அச்சு காடிக்குள் இறுகும், பஞ்சர் ஒட்டும்போது இரண்டு நட்டைத் தளர்த்தி வண்டியைத் தூக்கினால் சில்லு கீழே இறங்கிவிடும். உள் பார்களுக்கு இடையிலான 1 அடி 6 அங்குலம்தான் தட்டு. அந்த அகலம் மரக்கறிக் கூடையை அளந்து எடுத்தது, அழகு பார்த்து வைத்ததல்ல. தட்டுக்கு மேலே ஓரடி உயரத்தில் ஒரு சுற்றுக் கம்பியும் அதைத் தாங்கும் நான்கு நிறுத்தங்களும் சேர்த்தால், இரண்டு பொக்ஸ் பாரில் எல்லாம் அடங்கி, ஒரு சாண் அளவு துண்டுகள்தான் மிஞ்சும்.

இந்தத் தடிப்புப் பாரை 10 கேஜ் ஒட்டுக்கம்பியால் ஒட்டப் போனால் ஓட்டை விழும். 12 கேஜ் கம்பி எடுத்து, கரண்டைக் குறைத்து, ஒரு மூட்டினை முழுவதுமாக ஒட்டி முடிக்காமல் நான்கு மூலையிலும் பொட்டு வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமென்று கண்ட பின்னர் முழுமையாக ஒட்ட வேண்டும். அளக்காமல் ஒட்டிய இரண்டாவது வண்டி நண்டைப் போலப் பக்கம் சாய்ந்து ஓடியது. இரண்டு சில்லும் ஒரே திசையைப் பார்க்காவிட்டால் ரயர் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும்.

அச்சை நீளத்தின் சரி நடுவில் வைத்தது என் அடுத்த பிழை. காலையில் சரக்கு நிறைந்திருந்தபோது வண்டி சரியாகவே ஓடியது. பத்து மணிக்கு முன்பக்கத்துத் தக்காளிக் கூடை வெறுமையாகி, பின்னால் பூசணி மட்டும் கிடந்த நேரத்தில், விசுவமடுக் குளப்பக்கமாக ஏறும்போது வண்டி பின்பக்கமாகக் குந்தி, சைக்கிளின் பின் சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிட்டது. மிதித்தால் சில்லு வெறுமனே சுற்றியது; பின் பிரேக்கும் வேலை செய்யாது. அக்கா குதித்து இறங்கியதால் விழவில்லை. அச்சை 3 அங்குலம் பின்னுக்குத் தள்ளினேன். இப்போது சரக்கு பரவலாக இருக்கும்போது சைக்கிளில் பூட்டும் முனையில் 5 அல்லது 6 கிலோ பாரம் இருக்கும். அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தே சொல்லலாம், தராசு தேவையில்லை. பூசணியை முன்னுக்கு வைக்கும்படியும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "முன்னுக்குப் பூசணி வைச்சா ஆர் நிப்பாட்டி வாங்குவினம்? பச்சையாத் தெரியிறதுதான் முன்னுக்கு இருக்கோணும்" என்றார். வியாபாரம் அவருக்குத் தெரியும். ஆகவே பூசணிக்கென்று தட்டுக்கு அடியில், அச்சுக்கு முன்பாக, பட்டைக் கம்பியில் ஒரு தொட்டிலைத் தொங்கவிட்டேன். வேலை கொஞ்சம் கூடினாலும் பாரம் இன்னும் பதிந்தது.

வண்டியைச் சைக்கிளுடன் இணைக்கும் பூட்டு எங்கே வருவது என்பதில்தான் அதிக நாள் போனது. சீற்றுக் குழாயில் பூட்டினால் உயரம் கூடி, பிரேக் பிடிக்கும்போது வண்டி பின்னாலிருந்து முதுகைத் தள்ளுவதைப் போல இருக்கும். பின் அச்சின் உயரத்தில் பூட்டுவதுதான் நிதானமானது. முதலில் இடப்பக்கத்தில் வைத்தேன். சைக்கிளை உருட்டுபவர் இடப்பக்கத்தில் நடப்பார் என்ற சின்ன விடயத்தை மறந்துபோனதால், இழுக்கும் குழாய் அக்காவின் கெண்டைக்காலில் இடித்து இடித்துக் கால் கறுத்துப்போனது. வலப்பக்கம் மாற்றி, செயினுக்கும் நட்டுக்கும் வெளியே ஒரு தகட்டை வைத்து, அந்தத் தகடு சுழலாதபடி கரியர்க் காலுடனும் ஒரு போல்ற்றால் இணைத்தேன். தகட்டின் தடிப்பினால் அச்சில் நட்டுக்குப் புரி போதாமல் போகும். அரைகுறைப் புரியில் நட்டை இறுக்கி அனுப்புவது ஆளை வீதியில் விழுத்துவதற்குச் சமம். அரை அங்குலம் நீளமான அச்சை மாற்றிய பின்னர்தான் பூட்ட வேண்டும்.

குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் வளையக்கூடிய மூட்டு வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிளைச் சாய்க்க முடியாது. டிராக்டர் திருத்தும் கடையில் வீசியெறிந்த ஹைட்ரோலிக் ஹோஸ் துண்டு இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. உள்ளே கம்பி வலை இருப்பதால் வளையும், அறாது. ஒரு முனை குழாய்க்குள் போல்ற்றால் நிரந்தரமாக இறுகியிருக்கும், மறுமுனையில் பூட்டும் ‘பின்’ ஒன்றும் அதற்குக் குறுக்கே ‘கொட்டர் பின்’ ஒன்றும். கழற்றுவது அந்தப் பின்னை மட்டும்தான். ஆனாலும் வெயிலில் கிடந்த ஹோஸ் எட்டு மாதத்தில் வெடிப்பு விட்டு, ஒரு நாள் வீதியின் நடுவில் பிய்ந்தது. பின்னால் ரிப்பர் லொறியொன்று வந்துகொண்டிருந்தது. குழாயையும் கரியரையும் சேர்த்துக் கட்டியிருந்த நைலோன் பட்டிதான் வண்டியைப் பிடித்து நிறுத்தியது. அந்தப் பட்டி இல்லாமல் எந்த வண்டியையும் இப்போது கடையிலிருந்து வெளியே விடுவதில்லை. ஹோஸை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றித் தருகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

வண்டி தனியே நிற்பதற்கு முன்புறத்தில் மடிக்கும் கால் ஒன்று. முதலில் வெறும் குழாயாக விட்டேன். மணலில் அது ஆணியாக இறங்கி, தட்டு குனிந்து, தேசிக்காய் எல்லாம் வீதியில் உருண்டது. 4 அங்குலச் சதுரத் தகட்டைப் பாதமாக ஒட்டியதுடன் அது சரியாகிவிட்டது.

தட்டுக்குப் பனஞ்சலாகை போட்டேன். மழைத் தண்ணீர் நிற்காது, முறிந்தால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். ஆனால் கிரவல் வீதியின் அதிர்வில் கீழ்க் கூடைத் தக்காளி நசிந்தது. ஸ்பிரிங் வைப்பதென்றால் விலை எங்கோ போய்விடும். பழைய ரியூபை இரண்டு விரல் அகலப் பட்டிகளாக வெட்டி, உள் பார்களுக்கு இடையில் கட்டிலுக்குக் கயிறு பின்னுவதைப் போல இழுத்துப் பின்னி, கூடையை அதன்மேல் வைத்தோம். ரியூபுக்காகச் சைக்கிள் கடைக்காரருக்குக் கொடுத்தது ஒரு தேநீர்தான்.

கூரை வேண்டும் என்று எல்லோருமே கேட்பார்கள். வன்னியில் கச்சான் என்பது வறுத்து விற்கும் கடலைக்கும் பெயர், மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கும் பெயர். ஆனி, ஆடி மாதங்களில் அந்த இரண்டாவது கச்சான் வெட்டவெளி வீதியில் அடிக்கும்போது நிரந்தரக் கூரை பாய்மரமாகிவிடும். ஒரு வண்டிக்குத் தகரக் கூரை போட்டுவிட்டு அடுத்த வாரமே வெட்டி எடுத்தேன். இப்போது மூலையில் ஒரு குழாய்த் துண்டை மட்டும் நிறுத்தி ஒட்டுகிறேன். நிற்கும் இடத்தில் குடையை அதில் செருகலாம், புறப்படும்போது மடக்கித் தட்டில் போடலாம்.

வண்டி செய்து கொடுத்தால் மட்டும் போதாது, சைக்கிளையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். அக்காவின் சைக்கிளில் முன்னால் 44 பல்லு, பின்னால் 18 பல்லு. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 16½ அடி ஓடும். வெறும் சைக்கிளுக்கு அது சரி. ஆளும் சைக்கிளும் வண்டியும் சரக்கும் சேர்ந்து 160 கிலோவை நெருங்கும்போது, 100 அடிக்கு 2 அடி ஏறும் சின்ன ஏற்றத்தில்கூட 3 கிலோவுக்கு மேல் மேலதிகமாக இழுக்க வேண்டியிருக்கும், முழங்கால் அதைச் சொல்லும். பின் பிறீவீலை 22 பல்லுக்கு மாற்றி, செயினில் ஒரு கண்ணி கூட்டினோம். ஒரு சுற்றுக்கு 13½ அடிதான் ஓடும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டிய இடங்கள் பாதியாகக் குறைந்தன. காற்றை நன்றாக இறுக்கி அடிப்பதும் அவ்வளவு முக்கியம்: காற்றழுத்தம் 40 இறாத்தலுக்குக் குறைந்த ரயருடன் கிரவலில் இழுப்பது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதிப்பதற்குச் சமம். பிரேக் கட்டைகள் நான்கும் புதிதாக இருக்க வேண்டும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது ஏறி இருக்கவே கூடாது, இறங்கி நடக்க வேண்டும். இந்த ஒரு கட்டளையை மட்டும் நான் கெஞ்சலாகச் சொல்வதில்லை, அதட்டியே சொல்வேன்.

அக்காவின் வண்டியைக் கண்டு மீன் விற்கும் அண்ணை ஒருவர் வந்தார். மீன் வண்டி வேறு கணக்கு. குளிர் காக்கும் றிஜிபோம் பெட்டி, ஐஸ், உப்புத் தண்ணீர். மரக்கறி வண்டியின் வடிவிலேயே செய்து கொடுத்தேன். பத்து மாதத்தில் பெட்டிக்குக் கீழிருந்த குறுக்குப் பாரை விரலால் அழுத்தியபோது உள்ளே போனது. பொக்ஸ் பார் வெளியிலிருந்து துருப்பிடிப்பதை விட உள்ளேயிருந்து துருப்பிடிப்பதுதான் ஆபத்து, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு பாரின் திறந்த முனையையும் தகட்டால் மூடி ஒட்டுகிறேன். மீன் வண்டி என்றால் பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டை வைத்து, அதன் மூலையிலிருந்து ஒரு றப்பர்க் குழாயைச் சில்லுக்கும் பாருக்கும் படாமல் நிலத்துக்கு இறக்குகிறேன். துருத்தடுப்புப் பூச்சு இரண்டு தடவை, நிறம் அதற்கு மேலேதான். நிறத்தை மட்டும் பூசி மினுக்கிக் கொடுப்பது எளிது, நானும் முன்னர் கொடுத்திருக்கிறேன்.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023இல் ஒரு வண்டிக்கு, கூலி உட்பட, 40,000 ரூபாய்க்குச் சற்று மேலே முடிந்தது. அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சில்லுகளுக்கே போனது. றிம்மையும் ரயரையும் பழையதாகப் போட்டுக் குறைக்கலாம் என்று பலர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு ஒரு நாள் வியாபாரத்தில் மிஞ்சுவது 1,500 ரூபாய் என்றால், வண்டி இரண்டு நாள் கடையில் நின்றால் போவது 3,000 ரூபாயும், வாடிப்போகும் மரக்கறியும். மலிவு ரயரில் மிச்சம் பிடித்தது அந்த இரண்டு நாளில் காணாமற்போகும். குறைப்பதென்றால் நிறத்தில் குறைக்கலாம், கூரையில் குறைக்கலாம், என் கூலியில் குறைக்கலாம்.

கடன் எடுத்து வாங்கும்படி ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. வாரந்தோறும் படலைக்கு வந்து வசூலிக்கும் நுண்கடனால் இங்குள்ள பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட அத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அக்காவே வழியொன்று சொன்னார். பத்துப் பேர் சேர்ந்து, மாதம் 4,000 ரூபாய் வீதம் ஒரு குலுக்கல் சீட்டு. ஏலச்சீட்டு அல்ல, ஆகையால் கழிவு இல்லை. சீட்டு விழுந்தவர் அந்தப் பணத்தைக் கொண்டுவந்து தருவார், மேலே வரும் சில்லறையைப் பிறகு தருவார். பத்துப் பேரில் எட்டுப் பேர் வண்டி செய்தார்கள். ஒருவர் மகளின் சடங்குக்கு எடுத்துக்கொண்டார், ஒருவர் கிணறு தூர்வாரினார். சீட்டில் அதற்கும் இடம் உண்டு, நுண்கடனில் இல்லை. மாதம் ஒரு வண்டி என்று வந்ததால் எனக்கும் ஒவ்வொன்றிலும் முந்தியதன் பிழையைத் திருத்த அவகாசம் கிடைத்தது. பத்தையும் ஒரே நேரத்தில் கேட்டிருந்தால் அதே பிழையைப் பத்துத் தடவை ஒட்டியிருப்பேன்.

அந்த எட்டில் ஒன்று கச்சான் விற்கும் வண்டி. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரவிரவாக அது போய்வந்தது. இருட்டில் ஏ35 வீதியில் பஸ்ஸும் ரிப்பரும் வரும் வேகத்தில், பாதையோரத்தில் பதிவாக ஓடும் ஒரு தட்டை ஓட்டுநர் காண்பது கடினம். கட்டாக்காலி மாடுகளையே கடைசி நேரத்தில்தான் காண்கிறார்கள். வண்டியின் பின்புறம் முழு அகலத்துக்கும் சிவப்பு ஒளித்தெறிப்புப் பட்டி, வலப்பக்க மூலையில் ஒரு சின்ன மின்கல விளக்கு, உயரமான தடியில் ஒரு வெள்ளைத் துணி. அகலத்தை 2 அடி 6 அங்குலத்துக்கு மேல் கூட்டித் தரும்படி கேட்பவர்களுக்கு நான் காட்டுவது வீதியைத்தான். ஹாண்டிலை விடச் சற்றே அகலமாக இருந்தால், முன்சில்லு போகும் இடைவெளியில் வண்டியும் போகும் என்று ஓட்டுபவர் கண்ணாலேயே மட்டிட முடியும்.

போன மாதம் அக்கா ஹோஸ் மாற்ற வந்தார். மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்ததால், வண்டியைக் கையால் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். முன் நிறுத்தம் ஒன்றில் பழைய பிரேக் கம்பியை வளைத்து, ஒரு கொளுக்கியாக முறுக்கியிருந்தார். தராசு அதில் தொங்கியது. "இது ஏன் அக்கா?" என்று கேட்டேன். "ஒவ்வொருக்காவும் குனிஞ்சு தராசு எடுக்கிறது, ஒரு நாளைக்கு நாப்பது தரம்" என்றார். அவருடன் நடந்து, நின்ற இடங்களை நான்தான் எண்ணினேன், குனிந்ததை எண்ணவில்லை. கம்பி கையைக் கிழிக்கக்கூடும் என்பதால் அதை வெட்டிவிட்டு, முக்கால் அங்குலக் குழாயில் சரியான கொளுக்கி ஒன்றை வளைத்து, அவர் காட்டிய உயரத்திலேயே ஒட்டிக் கொடுத்தேன். மேசையில் கிடக்கும் அடுத்த வண்டியின் நிறுத்தத்திலும் அந்த உயரத்தைச் சோக்கால் குறித்து வைத்திருக்கிறேன்.